பகல் மோட்டார்

6 பிப்ரவரி 2025, வியாழன்

இன்று கூரைச் சோலார் தகட்டில் இருபத்தொரு யூனிட். வீட்டுக்கு ஆனது நாலு. மீதி பதினேழும் கம்பி வழியாகப் போய்விட்டது. எங்கே போனது என்று தெரியாது. பக்கத்துத் தெருவில் யாராவது சட்னி அரைத்திருப்பார்கள்.

புது மீட்டர் வைத்து எட்டு நாள் ஆகிறது. அதில் எண்கள் மாறி மாறி வரும். நாம் வாங்கிய கரண்டுக்கு ஒரு எண், நாம் கொடுத்த கரண்டுக்கு ஒரு எண். கொடுத்தது வருவதற்குள் தேதி, நேரம், இன்னும் என்னென்னவோ வந்து போகும். அதுவரை முன்னால் நிற்க வேண்டும். காலையில் ஒரு தடவை நிற்கிறேன், சாயங்காலம் ஒரு தடவை. இன்று மத்தியானமும் நின்றேன். "அங்கன என்ன சாமியா இருக்கு, இம்புட்டு நேரம் நிக்குதீங்க?" என்றாள் என் மனைவி மாரிசெல்வி.

மூன்று கிலோவாட் போதும் என்றுதான் தகடு மாட்ட வந்த நவநீதகிருஷ்ணன் சொன்னான். "புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கு அதுவே ஜாஸ்தி சார்." நான்தான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். குச்சி காயப்போடும் களத்தில் வெயில் நாளுக்குக் கணக்குப் போட்டால் ஆபீஸ் படுத்துவிடும்; மேகம் மூடுகிற நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஐந்து கிலோவாட் போடு என்றேன். கோவில்பட்டியில் வருஷத்துக்கு எத்தனை நாள் மேகம் மூடுகிறது? அதை யோசிக்கவில்லை. ஆபீஸை முதலாளி விற்று ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு வந்த பணம் கூரையில் ஏறி உட்கார்ந்து வேலை பார்க்கிறது. நான் கீழே சும்மா இருக்கிறேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

இருபத்திரண்டு. வீட்டுக்கு மூன்றரை. சே.

11 பிப்ரவரி, செவ்வாய்

எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றியாயிற்று. துணி துவைப்பது பதினொன்றுக்கு. கிரைண்டர் பன்னிரண்டுக்கு. இஸ்திரி ஒன்றரைக்கு. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்து, இனிமேல் பத்து மணிக்கு மேல் அடுப்பு வை என்றேன். மாரிசெல்வி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எட்டு மணிக்குப் பசிக்குதுன்னு வந்து நிப்பீங்கல்லா, அப்ப வெயில் ஏறட்டும்னு சொல்லுதேன்." சொன்னபடியே செய்தாள். இன்று இட்லி சாப்பிடும்போது மணி பத்தே முக்கால்.

கீசர் வைக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். "டேங்குத் தண்ணியவே தொட முடியல. கீசர் எதுக்கு, முட்டை அவிக்கவா?"

இத்தனைக்குப் பிறகும் பன்னிரண்டு யூனிட் வெளியே போயிருக்கிறது. போனால் என்ன, கணக்கில் வரவு வைப்பார்களே என்று சத்யபிரியா போனில் சொன்னாள். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு எல்லாம் எளிது. வருஷக் கடைசியில் அந்த மிச்சம் என்ன ஆகும் என்று மூன்று பேரைக் கேட்டேன். அடுத்த வருஷத்துக்கு வரும் என்றான் ஒருவன். ஏதோ கொஞ்சம் தருவார்கள் என்றான் இன்னொருவன். "அதோட முடிஞ்சிது அண்ணாச்சி" என்றான் டீக்கடைக்காரன். எது சரியோ தெரியாது. எனக்கு டீக்கடைக்காரன் சொன்னதுதான் மனதில் ஒட்டிக்கொண்டது.

19 பிப்ரவரி, புதன்

மாதாந்திர மின்தடை. ஒன்பதிலிருந்து இரண்டு வரை என்று பேப்பரில் போட்டிருந்தான். ஊருக்கெல்லாம் தடை, நமக்கென்ன, நம்மிடம்தான் தகடு இருக்கிறதே என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது. மாடிக்கு ஓடிப் பார்த்தேன். தகட்டில் வெயில் கண்ணைக் குத்துகிறது. கீழே ஒரு பல்பு எரியவில்லை.

நவநீதகிருஷ்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "லைன்ல ஆள் ஏறி வேலை பாக்காங்கல்லா சார். உங்க வீட்டுக் கரண்டு அந்தக் கம்பிக்குப் போனா அவிய கதி என்ன? அதான், லைன் நின்னா இதுவும் தானா நின்னுரும்" என்றான். முன்பே ஏன் சொல்லவில்லை? "நீங்க கேக்கலியே சார். அஞ்சு போடுன்னீங்க, போட்டேன்." நியாயம்தான். ஆனாலும் கொதிக்கிறது. இவ்வளவு வெயிலும் இன்றைக்கு வீண்.

24 பிப்ரவரி, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். மோட்டார்!

காலையில் அரை மணி நேரம் ஓடி மாடித் தொட்டியை நிரப்பிவிட்டு மீதி நாளெல்லாம் சும்மாதான் கிடக்கிறது. முந்நூற்று நாற்பது அடி போர். இந்தப் பசுவந்தனை ரோட்டில் யாரும் இருநூறுக்கு மேல் இறக்கவில்லை. நான் மழை பொய்த்த வருஷத்தை நினைத்துக்கொண்டு இறக்கச் சொன்னேன். தண்ணீர் உப்புத் தண்ணீர்தான், வாயில் வைக்க முடியாது. மரத்துக்கும் மாட்டுக்கும் ஆகும்.

இன்று பத்திலிருந்து மூன்று வரை ஓடவிட்டேன். முருங்கை, தென்னங்கன்று பன்னிரண்டு, கீரைப் பாத்தி, எல்லாம் முடிந்து பக்கத்துக் காலி மனைக்கும் திருப்பிவிட்டேன். கரிசல் மண் குடித்துக்கொண்டே இருக்கிறது. ரோட்டோரம் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். வாயில்லாச் சீவன்கள் குடிக்கட்டும். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக இன்று மத்தியானம் படுக்கத் தோன்றவில்லை.

9 மார்ச், ஞாயிறு

தொட்டியில் இன்று இருநூறு ஆடு குடித்தது. அறுவடை முடிந்த காடுகளில் உரத்துக்காக ஆட்டைக் கிடை போடுகிறவர்கள் இந்த ரோட்டில்தான் போகிறார்கள். பக்கத்து வீட்டு ராமலட்சுமியின் வீட்டுக்காரர் கொம்பையாவும் மாசிப் பிறப்பில் முந்நூறு ஆட்டோடு குளத்தூர்ப் பக்கம் போனார். இனி ஆவணியில்தான் வருவார். அதுவரை அவள் ஐந்து கறவை மாட்டை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் பாடுபடுகிறாள்.

சாமித்துரை என்று ஒரு கிடைக்காரர், நல்ல வயசாளி, தொட்டியில் முகம் கழுவிவிட்டு என்னிடம் வந்து கும்பிட்டார். "பூவனலிங்கம் அண்ணாச்சி தொட்டின்னு விளாத்திகுளம் வரைக்கும் பேசிக்கிடுதாவ" என்றார். ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன், என் பேரை ஒரு பெட்டியில்கூட ஒட்டியதில்லை. இன்றைக்கு மனசு நிறைந்திருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

20 மார்ச், வியாழன்

வெளியே போனது மூன்றே யூனிட்! மோட்டார் இப்போது ஒன்பதிலிருந்து நாலு வரை. காலி மனையில் புல் முளைத்திருக்கிறது. பங்குனியில் கரிசலில் பச்சை. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

29 மார்ச், சனி

ராமலட்சுமி வந்திருந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை, காலில் சாணியாம். வாசலில் நின்றபடியே, "அண்ணாச்சி, உங்க மோட்டார்ல தண்ணி ஒழுங்கா வருதா?" என்றாள்.

"ஜம்முன்னு வருது. ஏன்?"

"எனக்குக் கால் மணி நேரம் வந்துட்டு, அப்புறம் காத்தத்தான் இழுக்குது. மோட்டாரு கை வைக்க முடியாமச் சூடாயிருது."

கோடை வந்தால் அப்படித்தான், அடியில் வால்வு அடைத்திருக்கும், கழற்றிப் பார்க்கச் சொல் என்றேன். வேண்டுமானால் நம் வீட்டில் நாலு குடம் பிடித்துக்கொள் என்றும் சொன்னேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு! தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு மாரிசெல்வி, "நாலு குடம் அஞ்சு மாட்டுக்கு எந்த மூலைக்கு?" என்றாள். "நம்ம மோட்டார ஒரு வாரம் கொறச்சுத்தான் பாப்பமே" என்றும் சொன்னாள். கொறைச்சா? அந்தப் பதினைந்து யூனிட்டை என்ன செய்ய? செடிக்குப் போய்விட்டேன்.

5 ஏப்ரல், சனி

ஆத்திரத்தை எழுதித் தீர்க்கிறேன்.

ராமலட்சுமி நேராகவே கேட்டுவிட்டாள். "பகல்ல மட்டும் நிறுத்தி வைங்க அண்ணாச்சி. உங்களுது ஆழம். எங்களுது எரநூறு அடி. நீங்க இழுக்க இழுக்க எங்களுக்கு இறங்குது." தெருவில் நாலு பேர் கேட்கும்படி. நான் திருடினேனா? ரோட்டில் போகிற ஆட்டுக்கெல்லாம் தண்ணி காட்டுகிறவன் நான். பூமிக்கடியில் எந்த ஊற்று எங்கே ஓடுகிறது என்று இவள் இறங்கிப் பார்த்தாளா? இதைத்தான் சொன்னேன், சத்தமாகச் சொன்னேன். "அவிய இருந்தா இப்பிடிப் பேசுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆமா, பேசுவேன். கொம்பையா வந்தாலும் பேசுவேன். எவன்ட்ட வாங்கித் தின்னுதேன்? என் கூரை. என் வெயில். என் மோட்டார்.

சாயங்காலம் — மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அந்த வரிசையில் தண்ணீரை எழுதாமல் விட்டிருக்கிறேன். வேண்டுமென்று விடவில்லை. கை எழுதவில்லை.

17 ஏப்ரல், வியாழன்

நேற்று மாதாந்திர மின்தடை. இன்று காலை ராமலட்சுமி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, மாரிசெல்வியிடம் சொல்வது போல எனக்குச் சொன்னாள். "நேத்து கரண்டு இல்ல. இன்னைக்கு எம் போர்ல முக்கா மணி நேரம் தண்ணி வருது மதினி. போன மாசமும் இதே கததான்."

நான் இந்தப் பக்கமிருந்தே, "கரண்டு இல்லன்னா உன் மோட்டாரும்தான ஓடல? அதுல ஊறியிருக்கும்" என்றேன். நல்ல பதில். ஆபீஸில் லோடு குறைந்தால் ஏஜெண்டை இப்படித்தான் மடக்குவேன். மடக்கிய பிறகு ஒரு டீ குடித்தால் ருசியாக இருக்கும். இன்றைக்கு டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். என்ன எரிச்சலோ.

28 ஏப்ரல், திங்கள்

காம்பவுண்டுச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சங்கரபாண்டி வந்து பார்த்தான். வயரிங்குக்கு வருகிறவன்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருப்பான். "உங்க பக்கம் மண்ணு ஊறிப் பொங்கியிருக்கு. அவிய பக்கம் காஞ்சு உள்வாங்கியிருக்கு. செவரு என்ன செய்யும் அண்ணாச்சி?" என்றான். சிமெண்டு வைத்துப் பூசச் சொன்னேன். பூசினாலும் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனான்.

ராமலட்சுமி வீட்டுக்கு நேற்று டிராக்டரில் தண்ணீர் வந்தது. விலைத் தண்ணீர். மாடு குடிக்கும் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பால் விற்றால் என்ன மிஞ்சும்? அவள் யோசிக்க வேண்டியது, நான் ஏன் யோசிக்கிறேன். வெயிலில் தலை வலிக்கிறது.

6 மே, செவ்வாய்

பத்து நாளைக்கு ஒரு தடவை தகட்டைக் கழுவ வேண்டும். கரிசல் தூசி ஒட்டினால் இரண்டு யூனிட் குறைந்துவிடும். காலை ஏழரைக்கு மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ராமலட்சுமி வீட்டு முன்னால் ஒரு மினி லாரி வந்து நின்றது. கழுகுமலைப் பக்கத்து ஆள் போல இருக்கிறது, மாட்டு வியாபாரி.

இரண்டு மாட்டைக் கொண்டுவந்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளையில் கருப்பு. சிவப்பு ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. அவள்தான் கழுத்தைத் தடவித் தடவி ஏற்றினாள். ஏற்றிவிட்டுப் பழைய கயிற்றை மட்டும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள், மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வண்டி திரும்பும்போது நிமிர்ந்தாள். மாடியில் நான் நிற்பதைப் பார்த்தாள். என் கையில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. தகட்டில் விழுந்து, தளத்தில் விழுந்து, அவள் வீட்டுச் சுவர் பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. வால்வை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை எனக்கு. அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம்.

7 மே, புதன்

மோட்டார் போட்டேன். நிறுத்தினேன். திரும்பப் போட்டேன். மாரிசெல்வி, "ஒரு நெலையில இருக்க மாட்டீங்களா?" என்றாள். இருக்க முடியவில்லை. அவள் போர் காய்ந்தது என்னாலா, கோடையாலா? எனக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும் என்று வேறு தோன்றுகிறது.

8 மே, வியாழன்

கயிற்றுக் கடையில் நைலான் கயிறு வாங்கிப் பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டினேன். உள்ளே விட்டு எடுத்தால் எந்த முடிச்சுக்குக் கீழே நனைந்திருக்கிறதோ அதுதான் தண்ணீர் மட்டம். மத்தியானம் பன்னிரண்டுக்கு, என் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ராமலட்சுமி வீட்டுக்குப் போனேன்.

"இப்ப என்னத்துக்கு அண்ணாச்சி?" என்றாள்.

"பாத்துருவோம். நீ மூணு நாளைக்கு மோட்டார் போடாம இருப்பியா? தண்ணி நான் கொண்டாந்து ஊத்துதேன்."

"நான் எங்கன போடுதேன். போட்டாலும் காத்துதான்."

போர் மூடியைத் தள்ளிக் கயிற்றை விட்டேன். அவளும் குனிந்து பார்த்தாள். நூற்று எண்பது தாண்டித்தான் நனைந்திருந்தது. அவள் மோட்டார் தொங்குவது நூற்று எழுபத்தைந்தில். வீட்டுக்கு வந்து என் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஃபியூஸைப் பிடுங்கி மாரிசெல்வி கையில் கொடுத்தேன். என்னை நம்ப முடியாது.

9 மே, வெள்ளி

பதினாறு யூனிட் வெளியே. மாடித் தொட்டியில் இருந்ததை மாட்டுக்குச் சுமந்தேன். பதினெட்டுக் குடம். முதுகு போய்விட்டது.

11 மே, ஞாயிறு

நூற்று ஐம்பத்தைந்து.

இரண்டு தடவை விட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் நூற்று ஐம்பத்தைந்து. மூன்று நாளில் இருபத்தைந்து அடி ஏறியிருக்கிறது, சித்திரை வெயிலில், ஒரு துளி மழையில்லாமல். அவள் மோட்டார் ஓடவில்லை. ஓடாமல் நின்றது என்னுடையது ஒன்றுதான். மடக்கிப் பேச இனி ஒன்றும் இல்லை.

வெட்கமாக இருக்கிறது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன் என்று எழுத வந்தேன், அதுவும் முழு உண்மை இல்லை. கரண்ட் எவனுக்கோ போகிறதே என்ற ஆத்திரத்தில் செய்தேன். தொட்டி கட்டியது பின்னால் வந்த சாக்கு. பதினாறு யூனிட்டைக் காப்பாற்ற ஒரு பொம்பளை வீட்டில் இரண்டு மாட்டை லாரியில் ஏற்ற வைத்திருக்கிறேன். மாரிசெல்வி, "நான் பங்குனியிலயே சொன்னேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

14 மே, புதன்

மூன்று நாள் தள்ளிப்போட்டு இன்று போனேன். தப்பு என்னுடையதுதான், இனிமேல் பகலில் ஓட்டமாட்டேன் என்று சொன்னேன். மாட்டுக்கு ஏதாவது செய்கிறேன் என்றும் சொன்னேன். அவள் மாட்டுக்குச் சோளத்தட்டையை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தண்ணி ஏறிரும் அண்ணாச்சி. செவலை திரும்ப வருமா? அது எங்கன நிக்குதோ, யார் கையில கறக்குதோ. அவிய போன்ல கேக்காவ, எல்லாம் நல்லாருக்கான்னு. ஆமாங்கேன்."

அவள் இன்னும் கொம்பையாவிடம் சொல்லவில்லை. ஆறு மாதம் காட்டில் கிடக்கிற மனுஷனுக்கு எதற்குக் கவலை என்று விட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

3 ஜூன், செவ்வாய்

தொட்டி வறண்டு கிடக்கிறது. சாமித்துரை ஆட்டோடு வந்து பார்த்துவிட்டு என் வாசலில் நின்று சத்தம் போட்டார். "நம்பி வந்தமே அண்ணாச்சி, நாலு மைலு! பேரு வாங்குனதும் மூடிட்டீங்களா?" நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆடுகள். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எந்த முகத்தோடு வெளியே போக?

ராமலட்சுமிதான் சத்தம் கேட்டு வந்தாள். தன் வீட்டுத் தண்ணீரையே அவர் ஆட்டுக்குக் காட்டினாள். பிறகு என்னிடம் வந்து, "தொட்டிய மட்டும் காயப்போடாதீங்க. காட்டுல கெடக்குற அவியளும் இப்பிடி எவன் தொட்டியிலயோதான் ஆட்டுக்குத் தண்ணி காட்டுவாவ" என்றாள்.

"எவ்வளவு ஓட்டினா உனக்குக் குறையாது? எனக்குத் தெரியலியே."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

19 ஜூன், வியாழன்

பதினைந்து நாள் யோசித்துவிட்டு இன்று சங்கரபாண்டியை வரச் சொன்னேன். என் மோட்டார் சுவிட்சைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டச் சொன்னேன். மழை படாத பெட்டிக்குள், ராமலட்சுமி கைக்கு எட்டுகிற உயரத்தில். அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணாச்சி, உங்க மோட்டாரு, உங்க கரண்டு, சுவிச்சு அவிய வீட்டுலயா? ஊரு சிரிக்கும்லா." சிரிக்கட்டும். என் வீட்டுப் பக்கம் ஒரு சுவிட்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றான். வேண்டாம் என்றேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும், வெயில் ஏறினால் கை நிற்காது.

ராமலட்சுமி சுவிட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது எனக்கெதுக்கு?" என்றாள். உன் போரில் எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத்தானே தெரியும் என்றேன். எடுக்கச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. மாட்டுக்குப் போய்விட்டாள்.

24 ஜூன், செவ்வாய்

காலை ஆறேகாலுக்கு மோட்டார் ஓடுகிறது. ஆறு ஐம்பதுக்கு நிற்கிறது. மாடித் தொட்டிக்கும் ரோட்டுத் தொட்டிக்கும் சரியாக இருக்கிறது. ஒரு நிமிஷம் கூடுதல் இல்லை.

10 ஜூலை, வியாழன்

காற்றுக் காலம். தூசியோடு தூசியாகப் பத்தொன்பது யூனிட். வெளியே பதினைந்து. காலி மனைப் புல் கருகிவிட்டது. தென்னையில் ஏழு பட்டுப்போயிற்று. மிச்சம் ஐந்துக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றுகிறேன்.

பகலில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரோரம் நடக்கிறேன். பதினொரு மணிக்கு வெயில் ஏறும்போது கால் தானாக அங்கே போய் நிற்கிறது. தட்டை வெட்டுகிற மிஷின் வாங்கிப் போட்டால் ராமலட்சுமிக்கு உதவுமே, பகல் கரண்டில் ஓடுமே என்று நினைத்துக் கேட்டேன். "அஞ்சு மாடுன்னா வேணும் அண்ணாச்சி. மூணுக்குக் கை போதும்." குத்த வேண்டும் என்று சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

2 ஆகஸ்ட், சனி

மீட்டர் முன்னால் நின்றேன். போனது போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்ல வருகிறது. மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சத்யபிரியா ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்கிறாள். மாரிசெல்வி பை கட்டிவிட்டாள். நான் போகவில்லை. கொம்பையா வருகிற மாதம் இது. வந்து கேட்கும்போது நான் ஊரில் இல்லை என்றால் ஓடிப்போய்விட்டேன் என்றுதானே ஆகும்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

கொம்பையா வந்துவிட்டார். மத்தியானம் பன்னிரண்டுக்கு ரோடு முழுக்க ஆடு. நல்ல கருத்துப் போயிருந்தார், கால் வெடித்திருந்தது. தொழுவத்தில் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். ராமலட்சுமி கிட்டே போய் ஏதோ சொன்னாள், ரொம்ப நேரம் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பிச் சுவர்ப் பக்கம் பார்த்தார். நான் போய் நின்றேன்.

"நான்தான் கொம்பையா. என்னாலதான்" என்றேன்.

துண்டால் கழுத்தைத் துடைத்தார். "குளத்தூர்ல ஒருத்தன் தோட்டத்துக்குத் தண்ணி பாயிதுன்னு எங்கள வெரட்டி விட்டான் அண்ணாச்சி. அவன நெனச்சு வாரவழி பூரா வைஞ்சுக்கிட்டே வந்தேன்" என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா இல்லையா, தெரியாது. ஆட்டைத் தொட்டிக்குத் திருப்பினார். முந்நூறு ஆட்டுக்கு அந்தத் தொட்டி ஒரு வாய்க்குக் காணாது. ஐந்து நிமிஷத்தில் அடி தெரிந்துவிட்டது.

ராமலட்சுமி சுவிட்சுப் பெட்டி பக்கத்தில் வந்து நின்றாள். பெட்டியைத் திறக்கவில்லை.

"எம் போரு தாங்காது அண்ணாச்சி. ஒங்களுதப் போடட்டுமா? ஒரு மணி நேரம்."

"எங்கிட்ட ஏன் கேக்குத? உங்கையிலதான இருக்கு."

"கேக்கணும்லா" என்றாள்.

போடு என்று தலையை மட்டும் ஆட்டினேன். உச்சி வெயில். மூன்று மாதத்துக்குப் பிறகு பகலில் மோட்டார் சத்தம். மாரிசெல்வி கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணியவள், "அது என்ன சத்தம்? மோட்டாரத் தொட்டுட்டீங்களா?" என்று அதட்டினாள். நான் இல்லை, ராமலட்சுமி என்றேன். ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குடித்தன. கொம்பையா குழாயடியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டார். நான் மீட்டர் பக்கம் போகவில்லை, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் என்று கேட்டவள் நாற்பது நிமிஷத்தில் நிறுத்திவிட்டாள்.